‘கேரி’யும் பதினான்கு மஞ்சள் சீட்டுகளும்

இன்று நடந்ததை வரிசை மாறாமல் எழுதப் பார்க்கிறேன்.

நானும் அக்காவும் வீடு மாற்றித் தரும் நிறுவனத்தில் வேலை செய்கிறோம். அக்கா வேன் ஓட்டுவாள், நான் பெட்டி கட்டுவேன், சுமப்பது இருவரும். மாலையில் எனக்கு ஆங்கில வகுப்பு. இன்று பேச்சுத் தேர்வு: ஒரு வினைச்சொல்லின் பொருள், பிறப்பு, பயன்பாடு பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். குறிப்பு வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு முறை வாயடைத்து நின்று தோற்றவள் நான். மூன்றாம் முறையும் தோற்றால் முதல் வகுப்புக்கே திரும்ப வேண்டும்.

நான் எடுத்தது ‘கேரி’ (carry), சுமப்பது. நாள் முழுக்கச் செய்கிற வேலைதானே, சுலபம் என்று நினைத்தேன். பத்து நாள் அகராதிகளைப் புரட்டிப் பதினான்கு சீட்டுகள் எழுதினேன். பெட்டிகளில் ஒட்டும் மஞ்சள் சீட்டுகள்தாம். மேலே எண், கீழே பேச வேண்டியதற்கு ஒரு சொல்.

நான்கு மணிக்குச் சாமான்களை இறக்கிவிட்டு வேனில் ஏறிப் பையைத் துழாவினேன். சீட்டுகளைக் காணோம்.

“அக்கா, டேப் பக்கத்துல வச்சிருந்த சீட்டெல்லாம் எங்க?”

“பெட்டியில ஒட்டிட்டேனே. நம்பர் போட்டுத்தானே வச்சிருந்த?”

“எழுதியிருந்ததைப் படிக்கவே இல்லையா?”

“ஒண்ணுல ‘வண்டி’ன்னு இருந்துச்சு. சரின்னு அதை முதல்ல வண்டியில ஏத்தினேன்.”

இறங்கி ஓடினேன். வீட்டுக்காரர்கள் அதற்குள் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார்கள்.

“நீ எழுதினதுதானேடி, அகராதி? எங்கிட்ட சொல்லிப் பாரு” என்றாள் அக்கா, வேனை ஓட்டிக்கொண்டே.

தூக்குவது, சுமப்பது, கொண்டுபோவது மூன்றுக்கும் இந்த ஒரே சொல் போதும் என்றேன். பழைய பிரெஞ்சில் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதுதான் இதன் பொருள், ‘கார்’ என்பதும் இதே வேரில் பிறந்தது, கையும் தோளும் பிறகுதான் வந்து சேர்ந்தன என்றேன்.

“அப்போ மாடு பார்த்த வேலையையா நாம பாக்குறோம்? மேனேஜர்கிட்ட சொல்லிடாத. சாப்பாட்டு நேரத்துல புல்லைப் போட்டுருவார்.”

சிரித்துவிட்டேன். ஆனால் வகுப்பில் எழுந்து நின்றதும் எல்லாம் துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் போயிருக்கும்.

கதவுக் கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. வேனை நிறுவனத்தில் விடப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன். இரண்டு கைகளையும் இடுப்பளவில் விரித்துக் காட்டினாள். படிக்கட்டில் பீரோ இறக்கும்போது, ‘நான் தயார், நீ தூக்கு’ என்று கீழிருந்து அவள் காட்டும் சைகை அது.

அங்கிருந்தே தொடங்கினேன். இருவர் ஒரு பீரோவைப் படியில் இறக்கும்போது எடையெல்லாம் கீழே நிற்பவர் மேல்தான். அவர் பின்பக்கமாக இறங்குவார். மேலே நிற்பவர் அவருக்காகப் படிகளை எண்ணிச் சொல்ல வேண்டும். ஐந்து வருடமாக என் அக்காதான் கீழே நிற்கிறாள். இடம் மாற்றிக்கொள்ளலாம் என்றால் ஒத்துக்கொள்வதில்லை. நான் சொல்லும் படிக்கணக்கை நம்பிக் கால் வைக்கிறாள். ஆங்கிலத்தில் ‘கேரி’ என்றால் எனக்கு அதுதான் என்றேன். பிறகுதான் வேரும் பொருளும் வந்தன, எல்லாம் தலைகீழாக.

இறந்தகாலத்தில் நான்கு பிழைகள் என்றார் ஆசிரியை. தேர்ச்சி என்றும் எழுதினார். நான் இரண்டு முறை படித்துச் சரிபார்த்தேன்.

வெளியே அக்கா, “பாஸா?” என்றாள். தலையாட்டியதும் முதுகில் ஓங்கி ஒரு தட்டு.

“நடுவுல ‘சிஸ்டர்’னு காதுல விழுந்துச்சே. என்னைப் பத்தி என்னடி சொன்ன?”

“நீ பீரோவைவிட கனம்னு சொன்னேன்.”

“அடிப்பாவி!”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆங்கிலத்தில் அத்தனை பேர் முன்னால் வந்த பேச்சு, தமிழில் அவள் ஒருத்தியிடம் வரவில்லை.