அச்சொடிந்த முக்கு

எங்கள் முக்கு ஒரு விபத்தில் உண்டானது. மழைக்காலத்தில் மரத்தடி ஏற்றி மலையிறங்கிய ஒரு லாரி, மூன்று வழிகள் சேரும் இடத்தில் அச்சு ஒடிந்து நின்றது. வேறு அச்சு வரத் தாமதமாயிற்று. பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்த என் அப்பன் டிரைவருக்குப் பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். லாரி போன பிறகும் அடுப்பை அணைக்கவில்லை. சாயாக்கடை இருந்ததால் பஸ் நின்றது. பஸ் நின்றதால் ஒரு ரேஷன் கடை, ஒரு தையல்காரர், இரண்டு கட்சிகள்.

கட்சிகள் ஆளுக்கொரு வெயிட்டிங் ஷெட் கட்டின. டவுனுக்குப் போகும் பக்கம் சிவப்பு. மலைக்குப் போகும் பக்கம் மூவர்ணம். இரண்டிலும் தியாகிகளின் பெயர், சிமென்ட் பெஞ்சு. இரண்டிலும் யாரும் உட்காரவில்லை. சிவப்பில் உட்கார்ந்தவன் சிவப்பு என்றாகிவிடும். கல்யாணத்துக்கு யார் அழைப்பார்கள், யார் அழைக்கமாட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆகவே ஊர் முழுவதும் என் கடை இறவாரத்தில் நின்றது. நின்றவர்கள் சாயா குடித்தார்கள். யாராவது ஷெட்டுப் பக்கம் நகர்ந்தால் "அங்கேயா?" என்று மட்டும் கேட்பேன். திரும்பி வந்துவிடுவார்கள். நடுநிலைமையில் இவ்வளவு லாபம் பார்த்தவன் இந்தத் தாலுகாவில் நான் ஒருவன்தான்.

ஒரு நாள் கண்டக்டர் படியில் தொங்கியபடி சொன்னார்: "வர்க்கிச்சேட்டா, உங்க ஸ்டாப்ப வெட்டப் போறாங்க. டிப்போ ஆபீசர் என் பஸ்லதான் வந்தாரு. ரெண்டு ஷெட்டையும் பாத்தாரு. ஈ காக்கா இல்ல."

"இங்க இத்தனை பேரு நிக்கிறாங்களே."

"அவங்க சாயா குடிக்க வந்தவங்களாம். வெள்ளிக்கிழமை வந்து உக்காந்து பாப்பாரு. அதோட முடிவு."

பஸ் நிற்காவிட்டால் கடை இல்லை. சிவப்பின் கிளைச் செயலாளர் சதாசிவனையும் மூவர்ணத்தின் வார்டு தலைவர் மத்தாயையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். எதிரெதிர் பெஞ்சில்.

"ஷெட்டு ரெண்டும் நிறையணும்," என்றேன்.

"எங்க ஆளுங்க எங்க ஷெட்டுல உக்காருவாங்க," என்றார் சதாசிவன்.

"உங்க ஆளுங்க எத்தனை பேருன்னு அன்னிக்கு ஊருக்கே தெரிஞ்சிரும், சகாவே. பரவால்லியா?" என்றார் மத்தாய்.

சதாசிவன் வடையைக் கீழே வைத்தார். "மத்தாய்ச்சா, உங்க ஷெட்டுல உங்க பொண்டாட்டியாவது உக்காருவாங்களா?"

மத்தாய் யோசித்தார். அவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் யாருக்கு எந்த ஷெட் என்று சீட்டுக் குலுக்கலாம் என நான் யோசனை சொன்னேன். விழுந்த ஷெட்டில் உட்கார்ந்தால் யாரையும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. சதாசிவனுக்கு மூவர்ணம் விழுந்தது. மத்தாய்க்குச் சிவப்பு. ஊரே என் புத்தியை மெச்சியது. நானும் மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் என் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு ஷெட்டும் நிறைந்திருந்தன. அவர் தலையசைத்துக்கொண்டே இருந்தார். டவுன் பஸ் வந்து நின்றது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. உட்காருவது வரைதான் நாங்கள் பேசியிருந்தோம்.

"ஏறலியா?" என்றார் கண்டக்டர்.

ஆபீசர் பேனாவைத் திறந்தார். நான் சாயா வடிகட்டியோடு ஓடி ஏறினேன். பின்னால் மத்தாய் ஏறினார். பிறகு சிவப்பு ஷெட் முழுவதும். எதிர் ஷெட்டும் ரோட்டைக் கடந்து வந்து ஏறியது.

"எங்க போறோம்?" என்றார் சதாசிவன், என் கக்கத்துக்குக் கீழிருந்து.

"தெரியல, சகாவே."

அடுத்த நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினோம். திரும்பி வரும் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. தோட்டத்துக்குள் குறுக்கு வழி இருந்தது. நடந்தோம். சிவப்பும் மூவர்ணமும் ஒரே வரிசையில், காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கி எறிந்துகொண்டு, சிரித்துக்கொண்டு வந்தன. முன்னால் நான், வடிகட்டியோடு. முக்கின் வரலாற்றில் என் அப்பனுக்கு அடுத்த இடம் எனக்குத்தான் என்று தோன்றியது.

தோட்டத்தின் விளிம்புக்கு வந்தபோது, மலைக்குத் திரும்பும் பஸ் முக்கிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. ஆபீசர் தனியாக நின்றார்.

"பால் பொங்கிச்சு. அடுப்ப அணைச்சிட்டேன்," என்றார். "டவுனுக்குப் போற ஸ்டாப் இருக்கட்டும். நல்ல கூட்டம். மலைக்குப் போற பக்கம் ஒருத்தர்கூட இறங்கல, ஏறல. இத வெட்டிட்டேன்."

"சாரே, போனவங்க எல்லாரும் திரும்பி வந்துட்டோமே."

"எப்படி வந்தீங்க?"

சதாசிவன் குனிந்து காலில் ஒட்டிய அட்டையைப் பார்த்தார். மத்தாயும் அதையே பார்த்தார்.

இப்போது எங்கள் முக்கிலிருந்து டவுன் வழியாக உலகில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். திரும்பி வரும்போது அன்று இறங்கிய அதே நிறுத்தத்தில் இறங்கித் தோட்டம் வழியாக நடக்க வேண்டும். அந்த நிறுத்தத்தில் ஒருவன் புதிதாகச் சாயாக்கடை போட்டிருக்கிறான். நடப்பதற்கு முன் எல்லோரும் அங்கே குடிக்கிறார்கள். என் கடைக்கு வருகிறவர்களுக்குப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். பாதியைத் தம்ளரிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

நேற்று டவுனிலிருந்து வரும்போது நானும் அவனிடம் ஒரு சாயா குடித்தேன். நன்றாகத்தான் போடுகிறான்.