தாடி வைத்த ஆடு உடைத்த கோலா

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் எங்கள் இடித்தெய்வம் அமாடியோஹா தன் இடியை என் கூரைமேலேயே இறக்கட்டும். தகரக் கூரைதான். இறங்கினால் சத்தம் உங்களுக்கும் கேட்கும். கேட்காதவரை நான் சொல்வது உண்மை.

நுசுக்கா மலைப்பக்கம் எங்கள் ஊர். தூசிக் காற்று வீசும் மாதங்களில் உகோன்வா என்ற பெண்மணி விடிந்ததும் அசோக்வாவின் தண்ணீர் லாரியில் ஒரு வாளி வாங்குவாள். அதில் முதலில் பேரனைக் குளிப்பாட்டுவாள். பிறகு அதிலேயே துணி, பிறகு பாத்திரம், பிறகு முற்றம். மிச்சமிருப்பதை அசோக்வாவே திரும்ப வாங்கிக்கொண்டு போய் மறுநாள் எங்களுக்கே விற்பார். ஊருக்கு நல்லது செய்கிறோம் என்ற பூரிப்பு அவர் முகத்தில் எப்போதும் இருக்கும்.

லாரி வராத நாளில் பெண்கள் பள்ளத்து ஓடைக்குப் போய்த் தலையில் கேன் சுமந்து மலையேற வேண்டும். கல்யாணத்தன்று உகோன்வாவுக்குப் பவளமாலை மூன்று சுற்று சுற்றுமளவு கழுத்து இருந்தது. சுமந்து சுமந்து அது உள்ளே இறங்கி, இப்போது தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருந்தது. மாலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவள் கணவர் எஸேமா ஊரின் மூத்த ஆண், பட்டம் பெற்றவர்கள் அணியும் சிவப்புத் தொப்பிக்காரர். தொப்பியைத் தவிர வேறெதையும் தலையில் சுமந்ததில்லை என்பதால் அவர் கழுத்து நன்றாகவே வளர்ந்திருந்தது.

இந்த ஊரில் தகப்பன் இல்லாமல் வளர்ந்த பெண் ஒபியோமா. பெண்கள் சங்கத்தார் பஸ் நிலையத்தில் ஒக்பா என்ற பயற்றுமாவுப் பண்டம் அவித்து விற்று அவளைப் பொறியியல் படிக்க வைத்தார்கள். படித்து முடித்து, வட்டாரக் குடிநீர் நிலையத்துக்கு முதல் பெண் தலைவியாக வந்து சேர்ந்தாள். முதல் நாளே வாயிற்காவலர் யாருக்கம்மா சாப்பாடு கொண்டு வந்தாய் என்று கேட்டார். தலைவரைப் பார்க்க வந்த ஆண்கள் அவளை எடுபிடி என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்கள். அவள் தொப்பிகளை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அந்த வருடம் கடைத்தெருவில் வெறுந்தலையோடு திரிந்தவர்களைப் பார்த்தாலே அலுவலகத்துக்கு எத்தனை பேர் போனார்கள் என்று தெரிந்துவிடும்.

பிறகு ஊருக்கு ஆழ்துளைக் கிணறு போட ஆரம்பித்தாள். துளைத்துக்கொண்டே போனபோது அடியில் வேற்றுமொழியில் யாரோ அதட்டும் குரல் கேட்டதாகப் போர் போட்டவர்கள் சொன்னார்கள். அதற்குச் சற்று மேலேயே தண்ணீர் இருந்ததால் நிறுத்திக்கொண்டார்கள்.

திறப்பு விழா அன்று அபுஜாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சாயங்காலத்துக்குள் தண்ணீர் ஓடாவிட்டால் மோட்டாரைக் கழற்றி அடுத்த ஊருக்குக் கொடுத்துவிடுவதாக உத்தரவு. ஆனால் எங்களிடம் கோலாக் கொட்டை உடைக்காமல் எந்தக் காரியமும் தொடங்காது. வந்தவர்களுக்குக் கோலா கொடுத்து உடைக்க வேண்டியது விழா நடத்துபவர் பொறுப்பு. பெண் கோலா உடைக்கக் கூடாது. நடத்துபவளோ ஒபியோமா.

எஸேமா விசிறியால் கோலாத் தட்டைத் தள்ளிவைத்தார். அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் ஆண் யாராவது கோலாவை உடைத்து, அவரே வால்வையும் திறக்கட்டும், தலைவர் என்ற பெயரும் அவருக்கே போகட்டும் என்றார். லாரி அசோக்வாவுக்கு வாயெல்லாம் பல்.

"பொம்பளை திறந்தா குழாய்க்கு வெக்கம் வந்துடும், பெரியவரே. மூடிக்கிட்டுப் போயிடும்."

ஒபியோமா வெயிலில் நின்ற பெண்களைப் பார்த்தாள். எல்லார் கையிலும் காலிக் கேன். தன்னால் இவர்கள் தண்ணீர் போய்விடக் கூடாதே என்று அவள் மனம் தளர்ந்தது. வால்வுச் சாவியை உதவிப் பொறியாளரிடம் நீட்டினாள். உகோன்வா குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி வந்தா போதும்மா, யார் திறந்தா என்ன?" என்றாள் ஒபியோமா.

"யாரோ திறக்கவா ஒக்பா அவிச்சோம்? இன்னிக்கு நீ நகந்து நின்னேன்னா, உனக்குப் பின்னாடி படிச்சிட்டு வர்ற பிள்ளைங்க எல்லாம் நகந்துதான் நிக்கணும். நானும் நாப்பது வருசமா தண்ணி தூக்கறேன். இன்னும் நாலு நாள் தூக்கினா கழுத்து என்ன, இதுக்கு மேலயா இறங்கப் போவுது?"

ஒபியோமா சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எஸேமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆண்கள் எல்லாரும் வெளிநடப்பு என்று எழுந்தார். உதவிப் பொறியாளர் கடைசியில் போனார். அம்மாக்களின் முதுகில் தூங்கிய ஆண் குழந்தைகளைக்கூட விடவில்லை, அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆண் யாரும் இல்லாத சபையில் ஆண் கைக்குழந்தை கோலா உடைத்தாலும் செல்லும் என்பது எங்கள் வழக்கம். எஸேமா எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தார்.

மிஞ்சிய ஒரே ஆண் அபுஜா அதிகாரி. உடைக்குமுன் எங்கள் மொழியில் ஆசீர்வாதம் சொல்ல வேண்டும்; கோலாவுக்கு ஆங்கிலம் புரியாது என்பது ஊரறிந்த விஷயம். அதிகாரிக்கோ ஆங்கிலத்தைத் தவிர எதுவும் புரியாது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூரியன் மலையோரம் சாய்ந்தது.

அப்போதுதான் எஸேமாவின் ஆடு மேடையேறியது. ஊர்ப் பெரியவர்கள் எவரையும்விட நீளமான தாடி அதற்கு. முதலில் ஒபியோமா எழுதி வைத்திருந்த நன்றியுரையை நிதானமாகத் தின்று தீர்த்தது. பிறகு வானத்தைப் பார்த்து ஒருமுறை கனைத்தது. எஸேமா வழக்கமாகச் சொல்லும் ஆசீர்வாதத்தைவிட அது சுருக்கம். அதனாலேயே பலருக்குப் பிடித்திருந்தது. கடைசியாகத் தட்டிலிருந்த கோலாவைக் கடித்தது. கசப்புத் தாங்காமல் துப்பியது. தட்டில் சுத்தமாக நாலு பருப்பு விழுந்தது. எங்கள் வாரத்தின் நாலு சந்தை நாளுக்கு நாலு பருப்பு. அதைவிட நல்ல சகுனம் எங்களிடம் கிடையாது.

வீட்டில் ஆட்டைக் காணோமே என்று எஸேமா ஓடி வந்தார். பின்னாலேயே ஆண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ஆடு உடைத்ததெல்லாம் செல்லாது என்று அசோக்வா வாதாடினார். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் எஸேமாதான்.

அவர் தட்டைப் பார்த்தார். தலை நிமிர்ந்தபோது எதிரே வரிசையின் முதலில் உகோன்வா நின்றிருந்தாள். பழக்கதோஷத்தில் காலிக் கேனைத் தலையில் வைத்திருந்தாள். தாடைக்கும் தோளுக்கும் நடுவே பவளமாலையை அவர் தேடினார். மாலை கிடக்கட்டும், மாலைக்கான இடமே அங்கே இல்லை. எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அன்றுதான் அதை அவர் கவனித்தார்.

"சபையில ஆம்பளை இல்லன்னா, இருக்கிற ஆண் உயிர் உடைக்கலாம்," என்றார் கடைசியில். "இது எங்க வீட்டு ஆடு. நாந்தான் வளக்கறேன். கடா. தாடியைப் பாத்தாலே தெரியலையா? இங்கிலீசும் தெரியாது. கோலா உடைஞ்சாச்சு. விழா நடத்தறவ போய்த் திறக்கட்டும்."

அசோக்வா சந்தேகத்தோடு ஆட்டின் அடியில் குனிந்து பார்க்கப் போனார். எஸேமா தன் நீள அங்கியைக் கழற்றி ஆட்டின்மேல் போர்த்திவிட்டார். கோலா உடைத்த மரியாதைக்காரரை அப்படிக் குனிந்து பார்க்கக் கூடாதாம்.

ஒபியோமா வால்வைத் திருகினாள். பீறிட்ட தண்ணீர் எஸேமாவின் சிவப்புத் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது. தொப்பி இன்னும் கீழே வரவில்லை. மேகம் சிவக்கும்போதெல்லாம் நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொள்கிறோம்.

நன்றியுரை ஆட்டின் வயிற்றில் இருந்ததால் ஒபியோமா காகிதமில்லாமல் பேச வேண்டியதாயிற்று. சங்கத்துப் பெண்களைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"பெரிய பேச்சா எழுதி வெச்சிருந்தேன். ஆடு நல்லதுதான் பண்ணியிருக்கு. என்னை இங்க நிறுத்தினது என் படிப்பு இல்லம்மா, உங்க தலையில இருந்த ஒக்பாச் சட்டி. கொஞ்ச நேரத்துக்கு முன்னால நானே நகரப் பாத்தேன். என் கையைப் புடிச்சீங்களே, அந்த நன்றி எனக்குச் சாகிற வரைக்கும் தீராது."

உகோன்வா அழுதாள். தண்ணீர் இருக்கும் ஊரில்தான் அப்படித் தாராளமாக அழ முடியும்.

எஸேமா மனைவியின் தலையிலிருந்து கேனை இறக்கித் தானே குழாயில் பிடித்தார். முதல் குவளையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தண்ணி ஆம்பளை கையால வந்துச்சா, பொம்பளை கையால வந்துச்சான்னு தொண்டை கேக்கல. நாமதான் கேட்டுக்கிட்டு இருந்தோம், இத்தனை வருசமா தாகத்தோட. யாருக்குத் திறமை இருக்கோ அவங்க கையில சாவியைக் குடுத்துட்டு, நன்றி சொல்லத் தெரிஞ்சுக்கணும். அது தெரியாத ஊருக்கு எத்தனை கிணறு வெட்டினாலும் வறட்சிதான்."

உங்கள் ஊர்களிலும் தலைமைச் சாவியோடு நிற்கும் பெண்களை நகரச் சொல்லும் பெரியவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நடந்தது நடந்தபடி சொல்லிவிட்டேன். இடி எதுவும் விழவில்லை, கவனித்தீர்களா?

அடுத்த மழைக்காலத்தில் அந்த ஆடு இரண்டு குட்டி போட்டது.