கிருபை டீச்சரின் சி.ஆர்.பி. இறங்க ஒரு ஜெபம்

கிருபை டீச்சரின் ரத்தத்தில் சி.ஆர்.பி. எவ்வளவு என்பது தூத்துக்குடியில் அவருடைய சபை முழுக்கத் தெரியும். ஞாயிறு ஆராதனையில் நோயாளிகளுக்கான ஜெபக்குறிப்போடு அந்த எண்ணையும் வாசித்தார்கள். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் எண் அது. ஆறுக்குள் இருக்க வேண்டும். முடக்குவாதம் உள்ள டீச்சருக்குப் பதினெட்டு.

பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கோயிலில் ஆர்கன் வாசித்து வந்தவர் அவர். பதினெட்டு என்று கேட்டதும் சபைச் செயலாளர் ஏசுவடியான், "நம்பர் இறங்குத வரைக்கும் விரலுக்கு ஓய்வு குடுங்க டீச்சர்" என்று அன்போடு சொல்லிவிட்டு, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அற்புதமணியின் மகள் ஜெஸ்மியை ஆர்கன் முன்னால் உட்கார வைத்தார். கல்யாணப் பாட்டையும் அடக்கப் பாட்டையும் ஜெஸ்மி ஒரே வேகத்தில் வாசிப்பாள். அறுப்பின் பண்டிகைக்குள் தன் இடம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதே டீச்சரின் விண்ணப்பம்.

எண் இறங்க வேண்டி டீச்சர் வீட்டில் வெள்ளிதோறும் ஜெபக்கூட்டம் நடந்தது. முடிந்ததும் டீ, மக்ரூன், நெய்க் கேக். நோயாளி சாப்பிடாவிட்டால் வந்தவர்களுக்கு மனம் கேட்காது. "தெம்பு வேணும்லா, இன்னொண்ணு எடுங்க" என்பார் அற்புதமணி. அடுத்த பரிசோதனையில் எண் இருபத்திரண்டு. சங்கம் ஜெபக்கூட்டத்தை வாரம் இரண்டாக்கியது.

மூட்டு மருத்துவர் டீச்சரின் விரல்களையும் மணிக்கட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"வலிக்கா?"

"இல்லையே டாக்டர்."

"வீக்கமும் இல்ல. வேற கிருமி எதுவும் இல்லன்னு பாத்தாச்சு. உடம்புல கொழுப்பு கூடுனா அதுவே இந்த நம்பர ஏத்தும். நம்பருக்காக மருந்தக் கூட்ட மாட்டேன். எடையக் குறைங்க. ஆர்கன் தாராளமா வாசிங்க."

டீச்சர் இதை அடுத்த கூட்டத்தில் சாட்சியாகச் சொன்னார். முடக்குவாதத்துக்காகக் கண்ணீரோடு ஜெபித்தவர்களுக்குக் கொழுப்புக்காகக் கண்ணீர் வரவில்லை.

"டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு. நம்பர் நம்பர்தான் டீச்சர்," என்று மக்ரூன் தட்டை நீட்டினார் அற்புதமணி.

"அப்ப நீங்களும் ஒருக்கா எடுத்துப் பாருங்களேன்."

"எனக்கு எதுக்கு? எந்த மூட்டுலயும் ஒரு வலி கிடையாது."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

எல்லோர் முன்னிலையிலும் கேட்டதால் மறுக்க முடியவில்லை. சபையின் மருத்துவ முகாமில் அற்புதமணி கை நீட்டினார். முடிவுகள் ஏசுவடியானிடம் வந்தன. வழக்கம் அவரை விடவில்லை. ஞாயிறன்று ஜெபக்குறிப்பில் உரக்க வாசித்தார்: "சகோதரி அற்புதமணி, சி.ஆர்.பி. இருபத்தாறு."

"லேப்ல என்னமோ தப்பு," என்றார் அற்புதமணி வாசலில்.

"நம்பர் நம்பர்தான்லா," என்றார் டீச்சர். "நீங்க ஓய்வெடுங்க. சங்கத்த நான் பாத்துக்கிடுதேன்."

அன்று மாலையே கமிட்டி அவசரமாகக் கூடியது. இனி ஜெபக்குறிப்பில் பெயர் மட்டும் போதும், எண்கள் ஆண்டவருக்குத் தெரியும் என்று தீர்மானித்தது. எண் இல்லாமல் டீச்சரை ஆர்கன் வாசிக்கவிடாமல் தடுக்க யாரிடமும் காரணம் இல்லை.

"நீங்களே வாங்க டீச்சர், எனக்கு அந்தப் பெடல் எட்டவே மாட்டேங்கு," என்று ஜெஸ்மி எழுந்துகொண்டாள்.

பண்டிகையன்று டீச்சரின் விரல்கள் ஓரிடத்திலும் தயங்கவில்லை. ஆராதனை முடிந்து சபை கலையத் தொடங்கியபோது அற்புதமணி தட்டோடு வந்தார்.

"பாத்தீங்களா, நம்ம ஜெபம் கேட்கப்பட்டுட்டு. ஒரு மக்ரூன் எடுங்க."

"கை வேலையா இருக்கு," என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காத இன்னொரு பாட்டைத் தொடங்கினார் டீச்சர்.