சாம்பல் சதுரம்

சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு சதுரம், சுற்றிலும் மஞ்சளும் வெளிர்மஞ்சளும், தென்னமெரிக்கக் கண்டம் முழுவதும் உலரப்போட்ட ஆட்டுத்தோல் போலத் திரையில் விரிந்து கிடக்கிறது, அதன் இடது ஓரத்தில், ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவில், அந்தச் சதுரம் மட்டும் எதோடும் ஒட்டாமல் நிற்கிறது, அதைச் சாம்பலாக்கியது நான்தான், சுட்டெலியை ஒருமுறை அழுத்தினேன், அவ்வளவுதான். ஒவ்வொரு சதுரமும் நூறு கிலோமீட்டருக்கு நூறு கிலோமீட்டர், அதற்குள் எத்தனை வகைப் பறவைகள் என்று யாராவது நடந்து போய்ப் பட்டியல் எடுத்து அனுப்புவார்கள், குறைவென்றால் நீலம், கூடினால் மஞ்சள், மிகவும் கூடினால் சிவப்பு, பட்டியல் வந்தும் நம்ப முடியவில்லை என்றால் சாம்பல், நம்புவதா வேண்டாமா என்பதைக் கோயம்புத்தூரில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் முடிவு செய்கிறேன், இந்தச் சதுரத்துக்கு ஜெசிந்தா அனுப்பிய பட்டியலில் நானூற்றுப் பதினேழு வகை, பக்கத்துச் சதுரத்தில் நூற்று அறுபது. எங்கள் பிரிவுத் தலைவர் பழநிவேல் சார் என் தோளுக்குப் பின்னால் நின்று, ஏம்மா, பதினோரு நாள்ல நானூத்திப் பதினேழா, நம்பற மாதிரியா இருக்குது, நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க, உங்க சிநேகிதிதானுங்களே என்கிறார், ஆமாம் சார், சிநேகிதிதான் என்கிறேன், பட்டியல் ஏற்கப்படவில்லை என்றால் இரண்டாம் ஆண்டு உதவித்தொகை நின்றுவிடும், அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும், தெரிந்துதான் அழுத்தினேன்.

பெருவுக்குப் போய்ப் பறவை எண்ணும் அந்த உதவித்தொகைக்கு முதலில் விண்ணப்பித்தவள் நான், தனியாகப் போகப் பயந்து, துணைக்கு வாட்டி, நீயும் சும்மா ஒரு விண்ணப்பம் போடு என்று நேர்காணலுக்கு அவளை இழுத்துப் போனவளும் நான், இருந்தது ஒரே இடம், வெளியே வந்த அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஏட்டி, என்னய கொல்லாத, நான் வேணும்னா வேண்டாம்னு எழுதிக் குடுத்துருதேன் என்றாள், சீ, போட்டி என்று கட்டிக்கொண்டேன், அவள் தோளுக்கு மேலே என் முகம் எப்படி இருந்ததோ. அப்படியே கூந்தன்குளம் நினைவில் வருகிறது, பறவை பார்க்க நாங்கள் போகும் குளம், கல்லூரியில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு பைனாகுலர்தான், நான் அதை விட்டுக்கொடுத்ததே இல்லை, ஏட்டி, அது என்ன உன் கண்ணோட ஒட்டிப் பொறந்ததா, கொஞ்சம் கழட்டித் தாயேன் என்று அவள் கேட்கிறாள், இரு இரு என்கிறேன், இரு இரு என்றே மூன்று வருடம் ஓட்டிவிட்டேன், அவள் கரையில் கண்ணை மூடி உட்கார்ந்து, இப்போ ரெண்டு கத்துதுல்லா, மூணாவதா ஒண்ணு செடிக்குள்ள தொண்டையைச் செருமுது, அது யாரு என்கிறாள், நான் தேடித் தேடிப் பார்த்தும் செடிதான் தெரிகிறது, அந்தக் குளம் அப்படியே பெரு நாட்டுக் காடாகிவிடுகிறது, அங்கே பகலிலும் அரையிருட்டு, இலைக்குப் பின்னால் இலை, பைனாகுலருக்கு எதுவும் சிக்காது, காதுதான் எல்லாம், அந்தக் காதை அவளுக்கு நான்தான் கொடுத்தேன், கொடுக்க நினைக்காமலே.

சரி, அவள் தப்பென்று ஒழுங்காகவே நிரூபித்துவிடுவோம், அப்புறம் மனசு உறுத்தாது என்று பட்டியலை வரி வரியாகப் பிரித்தேன், பொய்ப் பட்டியலைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது, குளிர்நாட்டுப் பறவை பனியும் பார்க்கும் வெயிலும் பார்க்கும், மலையில் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு ஒன்றுமில்லை, வெப்பநாட்டு மலை அப்படியல்ல, ஒவ்வொரு உயரத்திலும் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே தட்பவெப்பம், அதிலேயே பிறந்து பழகிய பறவை தன் தளத்தை விட்டு அடுத்த தளத்துக்குக் குடிபோவது அரிது, அதனால் அரைநாள் ஏறினால் காட்டில் பாதிக் குரல்கள் மாறிவிடும், அடுக்குமாடி வீடு மாதிரி, வீட்டுக்கு வீடு வேறு ஆட்கள். கற்பனையாக எழுதுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள், ஐந்தாம் மாடிக்காரரை இரண்டாம் மாடியில் குடிவைத்துவிடுவார்கள். ஜெசிந்தா ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உயரம் எழுதியிருந்தாள், அறுநூறு மீட்டரில் தொடங்கி மூவாயிரத்து இருநூறு வரை, நடந்தே ஏறியிருக்கிறாள், நானூற்றுப் பதினேழில் ஒன்றுகூட மாடி மாறவில்லை, ஒரு சதுரத்துக்குள்ளேயே ஏழெட்டுக் காடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, பக்கத்துச் சதுரம் தட்டைச் சமவெளி, அங்கே போனவர் படகில் உட்கார்ந்தபடி ஆற்றங்கரையை மட்டும் எண்ணியிருக்கிறார், இத்தனையும் என் கண்ணெதிரே இருந்தது, அப்போதும் சாம்பலை எடுக்கக் கை வரவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது நேற்றா, இல்லை, இன்றுதான்.

தொலைபேசி அடிக்கிறது, இங்கே மாலை ஆறரை, அங்கே காலை எட்டு, ஏட்டி, சாப்ட்டியா, எனக்கு கால்ல அட்டை கடிச்சு வீங்கிக் கெடக்கு, நடக்கவே முடியல பாத்துக்க, ஆனா ஒரு குருவி சத்தம் கேட்டேன், நீ கேட்டுருந்தா அழுதுருப்ப என்கிறாள், எனக்கு அந்த அட்டைக்கடி மேல்கூடப் பொறாமை, அந்த வீக்கம் என் காலில் இருக்க வேண்டியது, சரிட்டி, என் சதுரம் என்ன நிறம், அதைச் சொல்லு முதல்ல என்று கேட்கிறாள், அவள் குரல் கொஞ்சம் இறங்குகிறது, நம்ப மாட்டாங்கன்னு பயமா இருக்கு, நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் அனுப்புனேன், சாம்பல் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சிவப்பு என்றேன். நல்ல செவப்பா என்கிறாள், ரத்தச் செவப்புட்டி, பக்கத்துல ஒண்ணும் நிக்க முடியல என்றேன், அந்தப் பக்கம் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை, எனக்கு அவ்வளவு நல்ல காது இல்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு, சதுரத்தைச் சாம்பலாக்கிய சந்தேகக் குறியை எடுத்தேன், சொன்ன வார்த்தையை உண்மையாக்கத்தான், வேறு பெருந்தன்மை எதுவும் இல்லை, யாரும் கால்வைக்காத சதுரங்களுக்கு, அதே மழையும் அதே சரிவும் உள்ள இடத்தின் பட்டியலைப் பார்த்துக் கணினி தானே ஊகித்து நிறம் போடும், அந்த நிரலை எழுதியதும் நான்தான், அரைமணி நேரம் ஓடியது, அந்தச் சதுரம் சிவந்தது, பிறகு அதன் மேலே ஒன்று, கீழே ஒன்று, அவள் பார்த்தே இராத சரிவுகள், கொலம்பியாவிலிருந்து பொலிவியா வரை, நான் வெளிர்மஞ்சளில் வைத்திருந்த மலைத்தொடர் முழுவதும் மெல்லப் பற்றிக்கொண்டது, நான் ஒரு சதுரம் என்றுதான் சொன்னேன், கண்டத்தின் ஓரமெல்லாம் சிவப்பு, கீழ்மூலையில் வரைந்தவர் என்ற இடத்தில் என் பெயர், அதற்கு மேலே எங்கே கண்ணை வைத்தாலும் அவள்.