இடது முறுக்கு

அண்ணனுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. பாலைவனம், பனிமலை, பெயர் வாயில் நுழையாத துறைமுகம் என்று மோட்டார் சைக்கிளிலேயே சுற்றிவிட்டு, தாடியும் தம்பட்டமுமாக வந்து நிற்பான். கிளம்பும் முன் வண்டியைத் தங்கையின் பட்டறையில்தான் விடுவான். வேறு எவன் கையையும் நம்பமாட்டான். கடைசிப் பயணத்துக்கும் அவள்தான் பார்த்து அனுப்பினாள். மலை இறக்கத்தில் வண்டியோடு உருண்டு செத்துப்போனான்.

அதே மாதிரி வண்டியில் கூடப் போன நண்பன் சுருட்டை மட்டும் முழுசாகத் திரும்பினான். "பிரேக் புடிக்கல" என்றான். அம்மாவுக்கு அது போதும். மகள் போட்ட சோற்றை அன்றிலிருந்து அவள் தொடுவதில்லை. தங்கைக்கும் தன் கையைப் பார்க்கவே பயம். நொறுங்கி வந்த வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தவள் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அண்ணனை நினைத்துப் பேச நண்பர்கள் பட்டறையில் கூடினார்கள். கரடியைப் பார்த்து மரமேறிய அண்ணன், கரடியும் ஏறும் என்று மேலே போய்த்தான் தெரிந்துகொண்ட கதையை ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சுவரில் மாட்டிய படத்தில் அண்ணனும் சிரித்துக்கொண்டிருந்தான். அப்போது சுருட்டை மூக்கை உறிஞ்சினான். "அந்த பிரேக் மட்டும் புடிச்சிருந்தா..."

ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா விருட்டென்று எழுந்து வந்து மகளை அறைந்தாள். "பெத்த புள்ளைய உன் கையில குடுத்தேனேடி!"

உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. அவள் நேரே பின்பக்கம் போய்த் தார்ப்பாயை இழுத்தெறிந்தாள். தப்பு தன்னுடையதென்றால் இன்றைக்கே தெரிந்து தொலையட்டும்.

சக்கரத்தோடு சேர்ந்த பிரேக் அது; சக்கரத்தைக் கழற்றினால் கூடவே வந்துவிடும். அதன் நட்டு கழலாமலிருக்க மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டுவது அவள் வழக்கம். இடது கைக்காரி என்பதால் முறுக்கு எல்லோருக்கும் எதிர்ப்பக்கமாக விழும். வளைந்த முன்சக்கரத்தைப் புரட்டினாள். நட்டில் கம்பியே இல்லை, கட்டிய தடமும் இல்லை. அந்தச் சக்கரம் அவள் மாட்டியது அல்ல.

சுத்தியலோடு திரும்பியவளைப் பார்த்துச் சுருட்டை எழுந்தான். சட்டையைக் கொத்தாகப் பிடித்து அவனைச் சுவரில் மோதினாள். மூக்கு உடைந்தது. தடுக்க வந்தவனை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு, சுருட்டையைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துப்போனாள். அங்கே நின்ற அவன் வண்டியை உதைத்துச் சாய்த்து, சுத்தியலை ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. முன்சக்கர பிரேக் நட்டில் கம்பி. இடது முறுக்கு.

"கேட்டு எடுத்தியா, கேக்காம எடுத்தியா?"

"அவனே மாட்டிவிட்டான், தங்கச்சி." ரத்தத்தோடு குழறினான். "இறக்கத்துல பாதி வழியில என் பிரேக் கருகிடுச்சு. 'பிரேக் இல்லாம உனக்கு ஓட்டத் தெரியாது, எனக்குத் தெரியும்'னு சொல்லி, சக்கரத்த மாத்திட்டு முன்னாடி போனான்."

"ஏன்டா சொல்லல?"

"அப்ப நீ ஏன்டா உயிரோட இருக்கேன்னு அம்மா கேட்டா, நான் என்ன சொல்லுவேன்?"

அவள் உள்ளே போய்ப் படத்தின் மேல் சுத்தியலை வீசினாள். கண்ணாடி தெறித்தது. "உனக்குத்தானேடா முறுக்கிக் கட்டினேன்! ஊதாரி நாயே, உயிரையுமா ஊதாரித்தனம் பண்ணுவ?"

அம்மா வந்து அவளுடைய இடது கையைப் பிடித்தாள். அவள் உதறினாள்.

வெளியே வந்து, சாய்ந்த வண்டியை நிமிர்த்தித் தள்ளினாள். நாலடி உருண்டதும் பிரேக்கை அழுத்தினாள். சக்கரம் கச்சிதமாக நின்றது. கைப்பிடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.