தோற்றவன் கூவ வேண்டும்

இசக்கிமுத்து நூறு வரை எண்ணவே இல்லை. மின்கம்பத்தில் முகத்தைப் புதைத்து முப்பதைத் தாண்டும்போதே, இந்த எண்களுக்கு மனித மனதுக்கு வெளியே இருப்பு உண்டா என்றொரு யோசனை வந்துவிட்டது. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் வந்ததிலிருந்து அவனுக்கு இந்த வியாதி. சோற்றை வாயில் வைத்தால் சோறு எதற்கு என்று யோசிப்பான். லீவுக்கு நெய்வேலி வந்தவனை ஒரே ஒரு கண்ணாமூச்சி ஆட்டத்துக்கு வா என்று நச்சரித்து இழுத்து வந்தவள் எட்டு வயசுத் தங்கை காந்திமதி. அவள் ஓடி ஒளிந்த நேரம் பார்த்து, கூடப் படிக்கும் பீர் முகமது சைக்கிளில் வந்து இறங்கினான். அவனுக்கும் அதே வியாதிதான். படித்து முடித்து மைன்ஸில் சேர்ந்தால் அது நம் முடிவா, அப்பாக்களின் முடிவா என்று இருவரும் மதகில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள்.

இருட்டத் தொடங்கியபோது அம்மா பேச்சியம்மாள் வந்து நின்றாள். நெய்வேலிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அவள் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை.

“ஏல, காந்தி எங்க? ஒங்கூடத்தான வெளாண்டுக்கிட்டு இருந்தா?”

அவன் மதகிலிருந்து குதித்து இறங்கினான்.

பிளாக் முழுக்கத் தேடினார்கள். “அம்மா கூப்பிடுதேன், வா தாயீ” என்று பேச்சியம்மாள் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகக் கதறிக்கொண்டு போனாள். பதில் இல்லை. வீடுகளுக்குப் பின்னால், சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, பேச்சியம்மாளைப் பிடித்துக்கொண்டார்கள். செகண்ட் ஷிப்டில் இருக்கும் அப்பாவுக்கு ஆள் அனுப்பலாமா என்று யாரோ கேட்டார்கள்.

இசக்கிமுத்து வாய்க்கால் கரையில் நின்று தண்ணீரின் வேகத்தைக் கணக்குப் போட்டான். இந்நேரம் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று மூளை தானாகப் போட்டுக்கொண்டே போயிற்று. எதைக் கணக்குப் போடுகிறோம் என்று உறைத்ததும் கரையை விட்டுப் பின்வாங்கினான்.

பீர் முகமது அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். “அந்தாண்ட பாக்காதடா. சின்ன வயசுல ஒருத்தனும் என்னக் கண்டுபிடிச்சதில்லன்னு பெருமையா சொல்லிக்கினு இருப்பியே, எங்க ஒளிஞ்சுக்குவ?”

எங்கே ஒளிந்தோம்? எவ்வளவு முட்டிப் பார்த்தும் ஓர் இடம்கூட நினைவுக்கு வரவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய பயமாக இருந்தது.

இடம் வரவில்லை, சட்டம்தான் வந்தது. அந்த பிளாக்குப் பிள்ளைகளின் சட்டம். போன லீவில் அவனே தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தது. “தேடுதவன் பொய் சொல்லுவான். அம்மாவையே கூட்டிட்டு வந்து அழவச்சாலும் வெளிய வராத. தோத்தவன் ஒத்தக்கால்ல நொண்டிக்கிட்டே சேவலாட்டம் கூவுனாத்தான் வரணும்.” அம்மாவின் அழுகையை நல்ல நடிப்பு என்றுதான் அவள் நினைத்திருப்பாள். உயிரோடு இருந்தால்.

அந்த நேரம் பார்த்து ஜெனரல் ஷிப்ட் முடிந்த பஸ் வந்து நின்றது. அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் வரிசையாக இறங்கினார்கள். இவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற யோசனை அப்போதும் வந்து தொலைத்தது. அதைத் திட்டிக்கொண்டே கைலியை மடித்துக் கட்டினான். ஒரு காலைத் தூக்கி நொண்டிக்கொண்டு கூவினான். குரல் எழும்பவில்லை. மறுபடி கூவினான். பயலுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பீர் முகமதுவும் காலைத் தூக்கினான். பிளாக்கை ஒரு சுற்று சுற்றியும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது சுற்றில் இசக்கிமுத்து அழுதுகொண்டே உரக்கக் கூவினான்.

சைக்கிள் ஷெட்டுக்கு மறைப்புக் கட்ட யாரோ சுருட்டிப் போட்டிருந்த சுரங்கத்துப் பழைய கன்வேயர் பெல்ட்டுக்குள்ளிருந்து, முகமெல்லாம் கரியாகக் காந்திமதி தவழ்ந்து வெளியே வந்தாள். பேச்சியம்மாள் ஓடிப்போய் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அள்ளிக்கொண்டாள்.

இசக்கிமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. “நீதான்ட்டி ஜெயிச்ச” என்றான்.

“நீ தேடவே இல்லண்ணே. மதகுல உக்காந்து பேசிக்கிட்டே இருந்த. உள்ள இருந்து பாத்தேன்.”

“பாத்துட்டு ஏன் வெளிய வரல?”

“இப்ப தேட வருவ, இப்ப தேட வருவன்னு இருந்தேன்.”

“நாளைக்கு ஒழுங்கா வெளாடுவோம், என்ன?”

“வேண்டாம்ணே. ஒனக்கு யோசிக்கதுக்கு நெறைய இருக்கும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் கெஞ்சியாவது பார்த்திருப்பான். அவள் அக்கறையாகச் சொல்லிவிட்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.