இரண்டு குழாய்களில் ஒன்று

"பார்க்க இதே மாதிரி இருக்கணும் மாப்ள. சத்தம் மட்டும் தெருமுனையில கேக்கக்கூடாது" என்று சொல்லி, மெக்கானிக்கின் அக்கா கணவர் தன் குரூசர் பைக்கின் சாவியை அவன் மேசைமேல் வைத்தார்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. போன வருஷம் தெருவே திரும்பிப் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, சைலன்சரின் குடலை உருவச் சொன்னவர் இவர்தான்.

"ஏன் மாமா, போலீஸ் பிடிச்சாங்களா?"

மாமா சிரிக்கவில்லை. "நான் நுழையறப்போ உங்கக்கா எப்பவும் தயாரா இருக்கா. முகம் கழுவி, சிரிப்பையும் எடுத்து வச்சுக்கிட்டு. தயாராகாத முகத்தை ஒரு தடவை பாக்கணும்."

இது ஆசையா, சந்தேகமா? மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை. மாமா டீ குடிக்கப் போனதும் அக்காவுக்குப் போன் போட்டான்.

"குறைச்சுடாதடா!" அவள் பதறினாள். "தெருமுனையில சத்தம் கேட்டப்புறம் அவர் வாசலுக்கு வர ரெண்டு நிமிஷம் ஆகும். அது எனக்கு வேணும்."

"எதுக்குக்கா? அடிக்கிறாரா?"

"ச்சீ, வாயைக் கழுவு. தங்கமான மனுஷன்."

"பின்ன?"

"வேணும்னா வேணும். எல்லாத்துக்கும் காரணம் கேக்காத."

எஞ்சின் என்றால் காரணம் கேட்கலாம், அது சொல்லிவிடும். சிலிண்டருக்குள் நடக்கும் ஒவ்வொரு வெடிப்பும் சூடான காற்றைக் குழாய் வழியே வெளியே உதைக்கிறது. அந்த உதைதான் நம் காதில் சத்தம். குழாய்க்குள் துளை போட்ட இன்னொரு குழாயைச் சொருகி, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சைக் கட்டினால் போதும். சத்தம் துளைகளில் புகுந்து, பஞ்சுக்குள் அலைந்து களைத்துப்போகும். வெளியே குரோம் அப்படியே மினுங்கும். உள்ளே ஒரு மாற்றம் நடந்ததென்று பார்க்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. அக்கா வீட்டுக்குள் நடப்பதைக் கழற்றிப் பார்க்கத்தான் அவனிடம் ஸ்பேனர் இல்லை.

யார் பக்கம் நிற்பது? குழம்பிக் குழம்பி, கடைசியில் சிலிண்டருக்கு ஒன்றாக இருந்த இரண்டு குழாய்களில் ஒன்றுக்கு மட்டும் பஞ்சு கட்டினான். மாமாவுக்குப் பாதி, அக்காவுக்குப் பாதி.

மாமா திரும்பி வந்து ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பார்த்தார். "என்ன மாப்ள, நொண்டுது?"

"ஓட்டிப் பாருங்க மாமா. பிடிக்கலேன்னா மாத்திடலாம்."

அவர் போனபின் அக்கா கூப்பிட்டாள். "என்னடா செஞ்ச?"

"பயப்படாத. பாதி சத்தம் இருக்கு, கேக்கும்."

"அப்பாடா" என்றவள் நிம்மதியாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பூனை மாவு டப்பாவுக்குள் விழுந்து, பேய் மாதிரி எழுந்து வந்த கதை. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா இப்படி மூச்சுமுட்டச் சிரித்து அவன் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால், போனுக்குள் தூரத்தில், டப்... டப்... டப்.

அவன் போனைக் காதோடு அழுத்தினான். பஞ்சு கட்டிய குழாயின் சத்தத்தைத் தூரம் தின்றுவிட்டது. இரண்டு சிலிண்டர்கள் மாறிமாறிப் போடும் தாளம் போய், காதுக்கு ஒற்றைச் சிலிண்டர் வண்டியொன்று வந்துகொண்டிருந்தது. பாதியானது சத்தம் இல்லை, வண்டியே வேறாகிவிட்டது.

"யாரோ ஓட்டை வண்டியில வரான்டா" என்றாள் அக்கா. "நீ கேளு, அந்தப் பூனை..."

"அக்கா..." என்றான். மேலே சொல்வதா, சிரிக்க விடுவதா?

எஞ்சின் நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.